சமுதாயக் கல்லூரியில் அறிவியல்: மலிவு உண்மை, இரண்டு ஆண்டு என்பதை நம்ப வேண்டாம்

நாற்பதை நெருங்கும் வயதில், செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தேவையான அறிவியல் பாடங்களை முடிப்பதற்காக, கலிஃபோர்னியாவில் எங்கள் வீட்டருகே உள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். இங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸ் போன்ற வளாகத்தில் மூன்றாம் ஆண்டுக்கு மாற எண்ணியிருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்தார்கள்.

கட்டணத்தில் குறை சொல்ல இடமில்லை. மாநிலத்தில் குடியிருப்பவருக்கு, பாடத்தின் அளவைக் கணக்கிடும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர்தான் என்பதால், நான்கு யூனிட் உடற்கூறியல் பாடத்துக்கு 184 டாலர் ஆயிற்று. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் புத்தகச் செலவும் மிச்சமாயிற்று.

கற்பித்தல் நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மேல். உடற்கூறியல் ஆய்வகத் தேர்வில், மேசைதோறும் ஓர் எலும்போ ஆட்டு மூளையோ வைத்து, அதில் குண்டூசி குத்திய பகுதியின் பெயரை எழுதச் சொல்வார்கள். ஒரு நிமிடத்தில் மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட வேண்டும். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளையும் கையில் வைத்து உருட்டி உருட்டிப் படித்தவர்கள் தப்பித்தார்கள், படம் பார்த்து மனப்பாடம் செய்த நான் முதல் தேர்வில் கோட்டை விட்டேன். அதன்பின் பேராசிரியரே தம் அலுவல் நேரத்தில் எலும்புப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

என் மனக்குறையெல்லாம் பாடங்களின் வரிசை பற்றியதே. எங்கள் கல்லூரியில் வேதியியலை முடிக்காமல் நுண்ணுயிரியலில் சேர முடியாது. வேதியியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆலோசகர் சொன்னதை நம்பியதால் எனக்கு ஒரு செமஸ்டர் முழுவதும் வீணாயிற்று. மருத்துவம் அல்லது மருந்தியல் நோக்கிச் செல்லும் பிள்ளைகளின் நிலை இன்னும் இறுக்கமானது. பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், அதை முடித்த பிறகே கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர் என்று நான்கும் சங்கிலிபோல் கோத்திருப்பதால், பள்ளியில் வேதியியல் சரியாகப் படிக்காமல் அறிமுகப் பாடத்திலிருந்து தொடங்குபவருக்குக் கோடை விடுமுறையிலும் படித்தாலொழிய இரண்டு ஆண்டு போதாது. ஆய்வக வகுப்புகளில் இடமும் குறைவு. பதிவு தொடங்கும் நாளில் விடியற்காலையிலேயே கணினி முன் உட்கார்ந்தும் நான் இரண்டு முறை காத்திருப்போர் பட்டியலில்தான் நின்றேன்.

பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறவர்கள், எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை யார் வாய்மொழியையும் நம்பாமல், மாநிலத்தின் அசிஸ்ட் இணையதளத்தில் தாங்களே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே இடத்தை உறுதி செய்யும் டாக் ஒப்பந்தம் டேவிஸ், இர்வைன் உள்ளிட்ட ஆறு யூசி வளாகங்களுக்கு மட்டுமே உண்டு. யூசியின் பெர்க்லி வளாகமும் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவும் அதில் இல்லை என்பதைத் தாமதமாக அறிந்து கலங்கிய ஒரு பையன் எங்கள் வகுப்பிலேயே இருந்தான். செவிலியர் படிப்பில், ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்கு முன் முடித்த அறிவியல் பாடங்களை ஏற்க மறுக்கும் இடங்களும் உள்ளன. ஆகவே, குழந்தைகள் வளரட்டும் என்று பாதியில் நிறுத்த நினைக்கும் என்னைப் போன்ற தாய்மார்கள், ஆய்வகப் பாடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, கணிதம், ஆங்கிலம், உளவியல் ஆகியவற்றை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. வேதியியலை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.