விதிவிலக்கைச் சோதிக்க நான்கு வழிகள்: பைத்தனில் எது எங்கே வழுக்குகிறது

பைத்தன் நிரல் மொழியில் உள்ளமைந்த விதிவிலக்குகள் (பிழை நேரும்போது நிரல் எழுப்பும் அறிவிப்புகள்) எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த வகையில் எழுகின்றனவா என்று சோதிப்பதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: கையால் எழுதும் ட்ரை–எக்செப்ட் கூற்று, மொழியோடு சேர்ந்தே வரும் யுனிட்டெஸ்ட், தனியாக நிறுவிக்கொள்ள வேண்டிய பைடெஸ்ட், ஆவண உரைக்குள்ளேயே சோதனையை எழுதிவைக்கும் டொக்டெஸ்ட். இவற்றுள் எது எழுதுவதற்குச் சுருக்கமானது என்ற கேள்வி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. தவறான விதிவிலக்கு எழும்போதோ, எதுவுமே எழாதபோதோ, அந்தச் சோதனை உண்மையில் தோற்கிறதா என்பதே நான் இங்கே வைக்கும் அளவுகோல்.

எடுத்துக்காட்டுக்குத் திருகோணமலைக் கரையோரத்து மீன் வாடி ஒன்றின் நாட்கணக்கைப் பதியும் சிறிய செய்நிரலைக் கொள்வோம். அதில் ஒரு சார்பு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) தட்டச்சிட்ட நிறையை எண்ணாக மாற்றும். இன்னொன்று மீனின் பெயரைக் கொடுத்தால் கிலோவின் விலையை அகராதியிலிருந்து (சாவியும் அதற்குரிய மதிப்புமாகச் சேமிக்கும் பட்டியலிலிருந்து) எடுத்துத் தரும். மூன்றாவது முதல்நாள் கோப்பைத் திறந்து வாசிக்கும். வேல்யூஎரர் (மதிப்பு ஏற்கத்தக்கதல்ல), கீஎரர் (அகராதியில் சாவி இல்லை), பைல்நொட்பவுண்ட்எரர் (கோப்பு இல்லை), யூனிகோட்டிகோட்எரர் (பைட்டுகளை எழுத்தாக மாற்ற முடியவில்லை) ஆகிய நான்கும் இந்தச் சிறு கணக்குக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

சோதனை எழுதும் முன் மொழி எதை ஏற்கும், எதை மறுக்கும் என்பதைத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊகம் இங்கே அடிக்கடி பிழைக்கிறது. ‘12.5 கிலோ’ என்ற உரையை, தசம எண்ணாக மாற்றும் புளோட் சார்பு மறுத்து வேல்யூஎரரை எழுப்பும் என்பது எவரும் எதிர்பார்ப்பதே. ஆனால் ‘௧௨.௫’ என்று தமிழ் இலக்கங்களில் எழுதினால் அது மறுக்காமல் 12.5 என்றே எடுத்துக்கொள்ளும். பத்தைக் குறிக்கும் ‘௰’ என்ற குறியைத் தந்தாலோ வேல்யூஎரர் எழும், ஏனெனில் யூனிகோட்டில் அது தசம இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை. காற்புள்ளியிட்ட 1,000 மறுக்கப்படும். இடையில் அடிக்கோடு இட்ட 1_000 பதிப்பு 3.6 இலிருந்து ஏற்கப்படுகிறது. ‘நான்’ என்று ஒலிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் (nan) தந்தால் விதிவிலக்கே எழாது. எண்ணல்லாத அந்த மதிப்பு சத்தமின்றிக் கூட்டுத்தொகைக்குள் நுழைந்துவிடும். ஆகவே மறுக்கப்படும் உள்ளீடுகளுக்கு எழுதும் அளவுக்கு, ஏற்கப்படும் விசித்திர உள்ளீடுகளுக்கும் சோதனை எழுத வேண்டியிருக்கிறது.

இனி வழிகளுக்கு வருவோம். கையால் எழுதும் ட்ரை–எக்செப்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ட்ரை பகுதியில் சார்பை அழைத்து, எக்செப்டில் வேல்யூஎரரைப் பிடித்து, அத்தோடு நிறுத்திவிட்டால், விதிவிலக்கு எழாதபோதும் சோதனை தேறிவிடும். இதைத் தடுப்பதற்காக அழைப்புக்கு அடுத்த வரியில் ஓர் அசேர்ஷன்எரரை எழுப்புவார்கள். ஆனால் பிடிப்பது பொதுவான எக்செப்ஷன் வகையாக இருந்தால், தோல்வியை அறிவிக்க வந்த அந்த அசேர்ஷன்எரரையும் அதே எக்செப்ட் விழுங்கிவிடும். எல்ஸ் பகுதியில் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். அப்படியும், பைத்தன் 3 இல் எக்செப்ட் பகுதி முடிந்தவுடன் பிடித்த விதிவிலக்கின் பெயர் அழிக்கப்படுவதால், பின்னால் அதை ஆராய இன்னொரு மாறியில் எடுத்துவைக்க வேண்டும். இவ்வளவையும் ஒவ்வொரு சோதனையிலும் நினைவில் வைத்து எழுதுவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உண்மையான போட்டி யுனிட்டெஸ்டின் அசேர்ட்ரெய்ஸஸுக்கும் பைடெஸ்டின் ரெய்ஸஸுக்கும் இடையில்தான். இரண்டையும் வித் கூற்றோடு (சோதிக்கும் வரிகளை ஒரு பகுதியாகச் சூழும் கூற்று) எழுதலாம். இரண்டும் எதிர்பார்த்த விதிவிலக்கு எழாவிட்டால் தெளிவாகத் தோற்கும். இரண்டுக்கும் பொதுவான பலவீனம், துணைவகைகளையும் ஏற்றுக்கொள்வது. 2012 இல் வந்த பதிப்பு 3.3, ஓஎஸ்எரர் என்ற இயங்குதளப் பிழை வகையின் கீழ் பைல்நொட்பவுண்ட்எரர், பெர்மிஷன்எரர் முதலிய தனி வகைகளை உருவாக்கியது. இன்றும் ஓஎஸ்எரர் என்று மட்டும் எழுதிய சோதனை, கோப்பு இல்லாதபோதும் தேறும், கோப்பு இருந்து வாசிக்க அனுமதி மறுக்கப்பட்டபோதும் தேறும். எக்செப்ஷன் என்றே எழுதிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: சார்பின் பெயரைத் தவறாகத் தட்டச்சிட்டதால் எழும் நேம்எரர்கூட வெற்றியாகக் கணக்கிடப்படும். துல்லியமான வகை வேண்டுமானால், பிடித்த விதிவிலக்கின் வகை அதுவேதானா என்று வித் பகுதிக்கு வெளியே தனி வரியில் கேட்க வேண்டும். வெளியே என்பதை அழுத்திச் சொல்கிறேன். விதிவிலக்கை எழுப்பும் வரிக்குக் கீழே, அதே பகுதிக்குள் எழுதிய சரிபார்ப்புகள் ஒருபோதும் இயங்குவதில்லை. மாணவர்களின் சோதனைகளைத் திருத்தும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

வேறுபாடு தெரிவது, சார்பையே தருமதியாக (அழைப்புக்குள் தரும் பொருளாக) கொடுக்கும் பழைய வடிவத்தில். அசேர்ட்ரெய்ஸஸுக்கு விதிவிலக்கின் வகை, சார்பின் பெயர், உள்ளீடு என மூன்றையும் காற்புள்ளியிட்டுத் தர வேண்டும். ஆனால் பழக்கத்தில் பலர் சார்பை அங்கேயே அடைப்புக்குறியிட்டு அழைத்துவிடுகிறார்கள். டைப்எரரை (பொருந்தாத வகைப் பொருளால் எழுவதை) எதிர்பார்த்து, ‘சூரை’ என்ற சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளத்தை லென் சார்பின் மூலம் கேட்கும் சோதனையை இப்படி எழுதினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். லென் எவ்விதச் சிக்கலுமின்றி, உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணி, 4 என்ற விடையைத் தருகிறது. யுனிட்டெஸ்ட் அந்த 4 ஐச் சார்பென எண்ணி அழைக்க முயல்கிறது. எண்ணை அழைக்க முடியாது என்று டைப்எரர் எழுகிறது. எதிர்பார்த்ததும் அதுவே என்பதால் சோதனை தேறுகிறது. சோதிக்க வந்த சார்பு எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனால் தவறு செய்ததாகப் பதிவாகிவிட்டது. பைடெஸ்ட் இதே இடத்தில், தரப்பட்ட பொருள் அழைக்கத்தக்கதா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் தன் முறையீட்டைச் சோதனைக்கு வெளியே எழுப்புவதால் பிழை உடனே வெளிப்படுகிறது. பைடெஸ்டுக்கு நான் புள்ளி கூட்டுவதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்றும் உண்டு. யுனிட்டெஸ்ட் பிடித்த விதிவிலக்கைச் சேமிக்கும்போது அதன் தடத்தை (எந்த வரிகளின் வழியே வந்தது என்ற பதிவை) நீக்கிவிடுகிறது. நினைவகத்தில் தேவையற்ற பொருள்கள் தங்காமலிருக்க இது உதவும் என்றாலும், விதிவிலக்கு எந்த வரியில் பிறந்தது என்று பின்னால் கேட்க வழியில்லை. பைடெஸ்ட் தடத்தை அப்படியே வைத்திருக்கிறது. மீன் வாடிக் கணக்கில் கீஎரர் விலைப் பட்டியலில் பிறந்ததா, படகுப் பட்டியலில் பிறந்ததா என்று பிரித்தறிய அது வேண்டும்.

விதிவிலக்கின் செய்தி உரையையும் ஒப்பிட இரண்டிலும் வசதி உண்டு. இரண்டுமே சுருங்குறித் தொடரை, அதாவது தேடும் வடிவத்தைக் குறிக்கும் குறிமுறையை, கொண்டு உரைக்குள் எங்காவது பொருந்துகிறதா என்று தேடுபவை. முழு உரையும் பொருந்த வேண்டியதில்லை. முழு எண்ணாக மாற்றும் சார்பின் பிழைச் செய்தியில் வெற்று அடைப்புக்குறி ஒன்று வரும். அதை அப்படியே நகலெடுத்துத் தந்தால் அடைப்புக்குறிக்குத் தொடரில் வேறு பொருள் இருப்பதால் பொருந்தாது. கீஎரரின் செய்தியோ சாவியை மேற்கோள் குறிகளோடு காட்டும். தொடக்கமும் முடிவும் குறித்துத் தேடினால் அதுவும் தவறும்.

ஆயினும் தமிழில் கணக்கு எழுதுபவரை உண்மையில் திணறடிப்பது ‘கொடுவா’ என்ற மீன் பெயர். இந்தப் பெயரின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். முதலாவது வடிவில் சரத்தின் நீளம் 6, இரண்டாவதில் 7. திரையில் இரண்டும் ஒன்றே. விலைப் பட்டியலில் ஒன்றும் தட்டச்சில் மற்றொன்றும் இருந்தால் கீஎரர் எழும். அந்தச் செய்தியை உரையாக ஒப்பிடும் சோதனை தோற்று, ‘கொடுவா’ என்பது ‘கொடுவா’வோடு பொருந்தவில்லை என்று அறிவிக்கும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். செய்தியை விட்டுவிட்டு, விதிவிலக்கு தன் மதிப்புகளை வைத்திருக்கும் ஆர்க்ஸ் பண்பிலிருந்து சாவியை எடுத்து, அதன் நீளத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாக இணைக்கும் என்எப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிய பின் உள்ள மதிப்பையும் சோதித்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

யூனிகோட்டிகோட்எரரிலும் பண்புகளே நம்பத்தக்கவை. தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் எடுக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லின் 15 பைட்டுகளில் முதல் 4 ஐ மட்டும் வெட்டி வாசிக்க முயன்றால், எழும் விதிவிலக்கின் ஸ்டார்ட் பண்பு 3 என்றும் எண்ட் பண்பு 4 என்றும் சொல்லும். இந்த எண்களைச் சோதிப்பது செய்தி வாக்கியத்தைச் சோதிப்பதை விட உறுதியானது.

செய்திகள் மாறும் என்பதற்குப் பதிப்பு 3.10 ஐப் பார்க்கலாம். அடைப்புக்குறியை மூடாமல் விட்ட வரிக்கு அதுவரை கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்று முறையிட்ட சின்டாக்ஸ்எரர், 2021 இல் வெளிவந்த அந்தப் பதிப்பிலிருந்து எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்பதையே சொல்லத் தொடங்கியது. மாணவருக்கு நல்லது, பழைய உரையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட சோதனைகளுக்கு அல்ல.

டொக்டெஸ்ட் அடிவாங்குவது இங்கேதான். தடத்தின் தலைப்பு வரியையும் இறுதி வரியையும் மட்டுமே அது பார்க்கிறது. இறுதி வரியில் வகையின் பெயரும் செய்தியும் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். இதில் ஒரு நன்மை மறைந்திருக்கிறது: பெயரையே ஒப்பிடுவதால் ஓஎஸ்எரர் என்று எழுதிவிட்டு அதன் துணைவகையைக் கடத்த முடியாது. செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு விருப்பக் கொடியும் உண்டு. அதை இட்டால் பதிப்பு மாற்றத்தின் தொல்லை பெரும்பாலும் நீங்கும். ஆனால் விதிவிலக்கு எழும் முன் சார்பு அச்சிடும் உரையையும் அந்த விதிவிலக்கையும் இதில் ஒரே எடுத்துக்காட்டில் சேர்த்துச் சோதிக்க முடியாது.

இணைய வசதி உறுதியில்லாத ஆய்வுகூடத்தில் யுனிட்டெஸ்டையே வித் வடிவத்தில் மட்டும் பயன்படுத்தச் சொல்வேன். பின்னாளில் பைடெஸ்ட் கிடைக்கும்போது அதே சோதனைகளை அது மாற்றமின்றி இயக்கும். பல தவறான உள்ளீடுகளை ஒரே பகுதிக்குள் சுற்றாக ஓடவிட்டால் முதலாவது மட்டுமே சோதிக்கப்படும். யுனிட்டெஸ்டில் சப்டெஸ்டும் பைடெஸ்டில் பராமெட்ரைஸும் ஒவ்வோர் உள்ளீட்டையும் தனியாகச் சோதிப்பதற்கே உள்ளன. புதிதாகத் தொடங்கும் எவருக்கும் என் தெரிவு பைடெஸ்ட். டொக்டெஸ்ட் பாடக் குறிப்புகளுக்கு மட்டும் போதும், அங்கும் கீபோர்ட்இன்டரப்டைத் தவிர்த்து: பயனர் இடைநிறுத்தும்போது எழும் அந்த விதிவிலக்கை டொக்டெஸ்ட் பிடிக்காமல் அப்படியே வெளியே விட்டுவிடுவதால் சோதனை ஓட்டமே நின்றுவிடும். யுனிட்டெஸ்டும் பைடெஸ்டும் அதைப் பிடிக்கும். ஆனால் அது எக்செப்ஷனின் கீழ் வராமல் பேஸ்எக்செப்ஷனிலிருந்து நேரடியாகப் பிறப்பதால், அதன் பெயரையே சொல்லிக் கேட்க வேண்டும்.