ரிப்போர்ட் எழுதும் பயிற்சி: ஒரு வருஷத்துக்கு அப்புறம்

எங்கள் இன்ஜினியரிங் டீமுக்கு நடந்த ரிப்போர்ட் எழுதும் பயிற்சியை தன் டீமுக்கும் எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லி முடிக்க மனசு வரவில்லை.

வகுப்பு நடத்திய விதத்தில் பயிற்சியாளரைக் குறை சொல்ல முடியாது. இலக்கணப் பாடம் நடத்தவில்லை. நாங்கள் ஏற்கெனவே அனுப்பிய ரிப்போர்ட்களை வாங்கி, பெயரை மறைத்துத் திரையில் போட்டார். அதில் ஒன்று பம்ப் பற்றியது. "மேற்கண்ட அளவீடுகளின் அடிப்படையில் பேரிங் பகுதியில் அதிர்வு கூடியிருப்பது கவனிக்கப்பட்டது" என்ற வரி மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. "சரி, பம்பை நிறுத்தணுமா, ஓட்டலாமா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ரிப்போர்ட்டின் தலையில் இப்படி ஏறியது: "பம்பை இந்த வாரமே நிறுத்தி பேரிங்கை மாற்ற வேண்டும். அதிர்வு விநாடிக்கு 9 மி.மீ.; வரம்பு 7.1."

கொலம்பியா விண்கலம் 2003-இல் சிதறியதைப் பற்றிய விசாரணை அறிக்கையும் வகுப்பில் வந்தது. விண்கலம் மேலே இருந்தபோதே நாசா மேலாளர்களுக்குக் காட்டப்பட்ட ஒரு ஸ்லைடை அந்த அறிக்கை விமர்சித்திருக்கிறது. ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று விண்கலத்தின் இறக்கையில் மோதியிருந்தது; அதனால் ஆபத்தா என்பதுதான் கேள்வி. முந்தைய சோதனையில் பயன்படுத்திய நுரைத்துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணக்கிட்டது 1,920 கன அங்குலம். இவ்வளவு பெரிய வித்தியாசம் ஸ்லைடின் அடியில் கிடந்தது. தலைப்போ பயப்பட ஒன்றுமில்லை என்கிற தொனியில் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்கே கட்டணம் தகும்.

ஆனால் எங்கள் ஆபீஸின் ரிப்போர்ட் டெம்ப்ளேட்! நோக்கம், பின்னணி, செயல்முறை, அளவீடுகள், அதற்கப்புறம்தான் முடிவு. ஃபைல் லாக் செய்யப்பட்டிருக்கிறது, தலைப்புகளை நகர்த்த முடியாது. பின்னணிக்கு மேலே நாலு வரியில் சுருக்கம் எழுதினால் "டெம்ப்ளேட்டில் இல்லாத பகுதி" என்று கமென்ட் போட்டுத் திரும்பி வருகிறது. ஆடிட்டில் எல்லா ரிப்போர்ட்டும் ஒரே வரிசையில் இருந்தால் தேடச் சுலபம், அது எனக்கும் புரிகிறது. அதற்காக முதல் பக்கத்தில் ஒரு கட்டம் கூடவா சேர்க்கக் கூடாது?

இதில் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு. எழுதுகிறவர்களை மட்டும் உட்காரவைத்தார், கையெழுத்துப் போடுகிறவர்களை விட்டுவிட்டார். "பின்னணி இல்லாம நேரா முடிவா? அவசரப்படற மாதிரி இருக்கே" என்று கேட்கும் மேனேஜருக்கு அந்த பம்ப் கதை தெரியாது. இப்போது முடிவை மெயிலில் எழுதி, ரிப்போர்ட்டை இணைப்பாக அனுப்புகிறேன். மெயிலைப் படித்தே வேலை நடக்கிறது. இணைப்பை யாராவது திறக்கிறார்களா என்பது சந்தேகம்தான்.

வகுப்புக்கு முழு மதிப்பெண். ஆனாலும் நண்பருக்கு நான் சொன்னது: டீமுக்கு மட்டும் என்றால் வேண்டாம். ரிப்போர்ட்டுக்கு ஒப்புதல் தருகிறவர்களும் கூட வந்து உட்கார்ந்தால் எடுங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஆபீஸில் டெம்ப்ளேட் யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். எங்கள் ஆபீஸில் நான் போட்ட மாற்றக் கோரிக்கை இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது.