மண்டபத்தில் ஒரு மலைப்பாசி: பத்து மாதம் வைத்துப் பார்த்த பிறகு

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான எங்கள் மண்டபத்தில் ஒருவர் பாசி வளர்ப்பதாகச் சொன்னால், கேட்பவர் நினைவுக்கு வருவது கடலில் மிதக்கும் மூங்கில் தெப்பமும் அதில் வரிசையாகக் கட்டிய கயிறுகளும்தான். கொடைக்கானலில் உள்ள ஒரு நர்சரியிலிருந்து கண்ணாடிச் சாடியில் வைத்து வளர்க்கும் மலைப்பாசியை, அதாவது பாறையிலும் சுவரிலும் மெத்தை போலப் படரும் 'மாஸ்' என்ற சிறு செடியை, நான் வரவழைத்த செய்தி தெருவில் பரவியதும், கடல்பாசி வேலைக்குச் செல்லும் பக்கத்து வீட்டு அக்கா, "எத்தனை தெப்பம் போட்டிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார். சாடியைக் கொண்டுவந்து காட்டினேன். உள்ளங்கை அளவே இருந்த அந்தப் பச்சை மெத்தையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஆயிரத்து நானூறு?" என்றார். அவர் கடலில் கட்டும் பாசி 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். என்னுடையது பத்து மாதத்தில் ஒரு விரற்கடை அகலம்கூடப் பரவவில்லை. ஆகவே அவருடைய கேள்வி நியாயமானது.

சாடியின் விலை 1,400 ரூபாய், கூரியர் கட்டணம் தனியாக 180 ரூபாய். மூடியுள்ள கண்ணாடிச் சாடி, அடியில் கூழாங்கல், அதன்மேல் கரித்துண்டு, தேங்காய் நார்த்தூள், இரண்டு சிறு பாறைத் துண்டுகள், அவற்றின்மேல் பதிக்க மூன்று பாசி மெத்தைகள், ஒரு தெளிப்பான், ஒரு பக்கக் குறிப்புத்தாள் ஆகியவை பெட்டியில் இருந்தன. பாசியை ஈரமான செய்தித்தாளில் சுற்றி, காற்று போக வழிவிட்டுக் கட்டியிருந்ததில் அனுபவசாலியின் கை தெரிந்தது. மார்கழியில் மூன்று நாள் பயணம் செய்து வந்தபோதும் ஒரு மெத்தையின் ஓரம் மட்டுமே பழுத்திருந்தது; பூச்சியோ நத்தை முட்டையோ எதுவும் இல்லை. பொருளின் தரத்தைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை.

குறை தொடங்குவது பெட்டியின்மேல் ஒட்டியிருந்த 'ஆல்பைன் மாஸ்' என்ற பெயரில். மரங்கள் வளரக்கூடிய எல்லைக்கும் மேலே இருக்கும் குளிர்ந்த புல்வெளியையும் பாறையையும்தான் தாவரவியலில் ஆல்பைன் என்பார்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமாகிய ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். இமயத்தில் அந்த உயரத்தில் அடர்ந்த காடுதான் இருக்கும். கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலையின் பாசிகள் சோலைக்காட்டு நிழலுக்கும் மூடுபனிக்கும் பழகியவை. அவற்றுக்குப் பெருமை குறைவில்லை. ஃபோரோ என்ற இயேசு சபைப் பாதிரியார் பல ஆண்டுகள் அந்த மலையில் பாசி சேகரித்து, 1961இல் அவற்றின் பட்டியலை வெளியிட்டிருக்கிறார். இப்படியொரு சொந்த மரபு இருக்கும்போது, விற்பனைக்காக ஐரோப்பிய மலையின் பெயரை ஒட்டுவானேன் என்பது என் ஆதங்கம். பெட்டிக்குள் இருப்பது எந்த இனம் என்றும் எங்கும் எழுதவில்லை.

சாடியை அமைத்த அன்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தது மட்டும் கொடுத்த பணத்துக்குப் பாதியை ஈடுசெய்துவிட்டது. பயணத்தில் காய்ந்த ஓரத்தில் இலைகள் முறுக்கிய நூல் போலத் தண்டோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும், அடியிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொன்றாக விரிந்து, ஒரு நிமிடத்துக்குள் தண்டைச் சுற்றி நட்சத்திரம் போல நின்றன. பாசிக்கு வேர் இல்லை; அடியில் இருக்கும் மெல்லிய இழைகள் பாறையைப் பற்றிக்கொள்வதற்கானவை. தண்ணீரையும் அதில் கரைந்திருப்பவற்றையும் பெரும்பாலும் இலைப்பரப்பின் வழியாகவே அது உறிஞ்சுகிறது. பெரும்பாலான பாசிகளில் அந்த இலை, நடு நரம்பு நீங்கலாக, ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. நம் முருங்கை உப்புத் தண்ணீரை ஓரளவு தாங்குவதற்கு வேரில் ஒரு வடிகட்டல் நடப்பதும் காரணம். பாசிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

குறிப்புத்தாள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "தினமும் காலையில் சாதாரணத் தண்ணீரைத் தெளிக்கவும், கரி தண்ணீரைச் சுத்தம் செய்துவிடும்" என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். கொடைக்கானலில் சாதாரணத் தண்ணீர் என்பது ஒன்று, மண்டபத்தில் சாதாரணத் தண்ணீர் என்பது வேறொன்று. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை, கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் லிட்டருக்கு 2,400 மில்லிகிராம் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் விரும்பத்தக்க அளவு 500, வேறு வழியில்லாதபோது ஏற்கத்தக்க உச்ச அளவு 2,000. அந்தத் தண்ணீரை நாளுக்கு பத்து மில்லி வீதம் தெளித்தால், ஒரு மாதத்தில் முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவான உப்பு சாடிக்குள் சேரும். அடியில் துளை இல்லாத சாடி என்பதால் அது வெளியேறவும் வழியில்லை. கரி நாற்றத்தைப் பிடித்துவைக்கும்; கரைந்த உப்பை நீக்காது. நான் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தது, ஐந்தாவது வாரத்தில் இலை நுனிகள் பழுப்பேறி, அவற்றின்மேல் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொடி பூத்த பிறகுதான். சன்னல் கம்பியில் கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று படிய வைக்கும் அதே உப்புப் பூப்பு.

பிறகு கேன் தண்ணீருக்கு மாறினேன். எங்களுக்கு வரும் கேன் தண்ணீர் 45 காட்டுகிறது. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் 300க்கு மேல் காட்டுவதோடு குளோரின் வாடையும் அடிப்பதால் அதை விட்டுவிட்டேன். ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பயன்படுத்தலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அதில் உப்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பல ஏசிகளில் அந்த நீர் செம்புக் குழாயின்மேல் படிந்து வருகிறது, பாசிக்குச் செம்பு நஞ்சு. மழைநீர்தான் எல்லாவற்றிலும் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை விட்டுவிட்டு, மொட்டைமாடியில் ஒரு எவர்சில்வர் அண்டாவை வைத்துப் பிடித்து, வடிகட்டி மூடி வைத்தால், பத்து லிட்டரே இந்தச் சாடிக்கு ஓராண்டுக்குத் தாராளமாகக் காணும். ஊரணி வெட்டி மழையை நம்பி வாழ்ந்த மாவட்டத்துக்காரனுக்கு இது தானாகவே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தண்ணீரைச் சரிசெய்த பிறகு மாசி மாதம் வரை சாடி நன்றாகவே இருந்தது. பங்குனியில் வெப்பம் தன் வேலையைக் காட்டியது. பகல் வெயிலைத்தான் எல்லோரும் அஞ்சுவார்கள்; உண்மையில் பாசியைத் தின்பது இரவு. பகலில் ஒளிச்சேர்க்கையில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது; வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் அந்தச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மலையில் இரவு பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும்போது செலவு சுருங்கிவிடுகிறது. எங்கள் கூடத்தில் சித்திரை மாத இரவில் வெப்பமானி 29க்குக் கீழே இறங்கவே இல்லை. ஈரம் குறையாமல், மூடியும் போட்டு வைத்த பாசி இரவெல்லாம் சுவாசித்துக்கொண்டே இருந்தது. அது சம்பாதித்ததைவிடச் செலவழித்தது அதிகம். ஒரு மெத்தை நடுவில் மஞ்சளாகி, அதன்மேல் பஞ்சு போன்ற பூஞ்சை படர்ந்தது.

ஈர மணல் பரப்பிய மண்தட்டில் சாடியை வைத்துப் பார்த்தேன். மதுரைப் பக்கம் இது நன்றாக வேலை செய்திருக்கும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இங்கே மூன்று டிகிரிதான் குறைந்தது. கடைசியில் பலன் தந்தவை இரண்டு. ஒன்று, கத்தரி வெயில் முடியும்வரை இரவில் சாடியை ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தது. கீரைக்கட்டுக்கு இடமில்லை என்று வீட்டில் நாள்தோறும் வழக்கு நடந்தது. மற்றொன்று, ஒரு மெத்தையைத் தனியே எடுத்து, நிழலில் முழுவதுமாகக் காயவிட்டு, காகிதப் பையில் ஐந்து வாரம் கிடக்கவிட்டது. காய்ந்த பாசியெல்லாம் செத்துவிடுவதில்லை. பல பாறைப்பாசிகளுக்கு உயிர்ச்செயலை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் திறன் உண்டு. ஆனியில் நனைத்தபோது அதில் பாதிக்குமேல் பசுமை திரும்பியது. வெப்பமும் ஈரமும் சேர்ந்திருப்பதுதான் அதைக் கொல்கிறது, வறட்சி அன்று. இந்த ஒரு வரியைக் குறிப்புத்தாளில் சேர்த்திருந்தால் எனக்கு ஒரு மெத்தை மிஞ்சியிருக்கும்.

ஒளியைப் பற்றித் தாள் சொல்வது சரியாகவே இருந்தது: வெயில் நேராகப் படக்கூடாது, வெளிச்சம் வேண்டும். வடக்குச் சன்னல் போதும். ஒருநாள் கிழக்குச் சன்னலில் இருபது நிமிடம் மறந்து வைத்ததற்கே உள்ளே 41 டிகிரி ஏறிவிட்டது. உரம் தேவையில்லை.

நர்சரியின் சேவைக்கு முழு மதிப்பெண் தரலாம். படங்களை அனுப்பித் தொலைபேசியில் பேசியபோது, "சார், உங்க ஊருக்கு நாங்க அனுப்பினது இதுதான் முதல் தடவை" என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அழிந்த மெத்தைக்குப் பதிலாக வேறொன்றைக் கட்டணமின்றி அனுப்புவதாகச் சொன்னார்கள். வெயில் காலத்தில் வேண்டாம் என்று நானே தள்ளிவைத்தேன். பாசியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தங்கள் தோட்டத்துச் சுவர்களிலும் ஓடுகளிலும் வளர்ப்பதாகப் பதில் வந்தது. காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எடுப்பது குற்றம். அங்கே ஒரு மெத்தையைப் பெயர்த்தால் அது திரும்ப வளரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே அந்தப் பதிலைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டு வைப்பது அவர்களுக்கும் நல்லது.

இதற்கிடையே கார்த்திகை மழையில் எங்கள் கிணற்றடிச் சுவரில் பிடித்திருந்த உள்ளூர்ப் பாசியில் ஒரு வில்லையைக் கத்தியால் சுரண்டி, ஊறுகாய் பாட்டில் ஒன்றில் வைத்திருந்தேன். அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டியிருக்கவில்லை. கோடையில் கறுத்துச் சுருண்டு செத்தது போலக் கிடந்தது; ஆடியில் நான்கு சொட்டு மழைநீர் பட்டதும் பச்சையாகிவிட்டது. மலைப்பாசியின் பட்டு மென்மை அதற்கு இல்லை, குட்டையானது, சற்று முரட்டுத்தனமாகவும் இருக்கும். ஆனால் செலவு ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பாசி என்றால் என்னவென்று காட்டுவதற்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள் கிணற்றடியிலேயே தொடங்கலாம். மலைப்பாசியேதான் வேண்டும் என்பவர்கள், டிடிஎஸ் மீட்டரும் ஃபிரிட்ஜில் ஓர் ஓரமும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பொருளுக்கு ஐந்தில் நான்கும் குறிப்புத்தாளுக்கு ஐந்தில் ஒன்றும் தருவேன்.

இப்போது சாடியில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. காய்ந்து மீண்ட மெத்தையின் பழுப்பு நுனிகளுக்கு அடியிலிருந்து வெளிர்பச்சையாகப் புதுக்கிளைகள் வந்திருக்கின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால் எண்ணிவிடலாம். மூன்றாவது மெத்தையை ஐப்பசி மழை பிடித்த பிறகு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை கூரியர் அலுவலகத்தில் அடைபட்டுக் கிடக்காதபடி திங்கட்கிழமை கட்டி அனுப்புமாறு.