கென்டக்கி கூடைப்பந்து அணி: புதுமுகங்களா, இடமாறி வந்தவர்களா?

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக அணியை 2009 முதல் 2024 வரை பயிற்றுநராக நடத்திய ஜான் கலிபாரி, பள்ளியிலிருந்து நேரே வரும் முதலாண்டு மாணவர்களையே பெரிதும் நம்பினார். அந்தோணி டேவிஸ் ஆடிய 2012ஆம் ஆண்டு அணி தேசியப் பட்டம் வென்றபோது அவ்வழி சரியென்றே தோன்றியது. ஆனால், அத்தகைய வீரர்கள் ஓராண்டில் என்பிஏ எனும் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடருக்குச் சென்றுவிடுவதால், ஒவ்வொரு கோடையிலும் அணியை அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

2024 மார்ச்சில் தேசியப் போட்டியில் ஓக்லண்ட் பல்கலைக்கழக அணியிடம் 80-76 எனத் தோற்ற ஆட்டமே அவ்வழியின் பலவீனத்தைக் காட்டியது. எதிரணியின் ஜாக் கோல்கி 10 மூன்று புள்ளி வீச்சுகளை வளையத்துக்குள் போட்டார். அவரும் சிறிய கல்லூரியொன்றிலிருந்து இடமாறி வந்தவர் என்பது வேடிக்கைதான்.

அடுத்துப் பயிற்றுநராக வந்த மார்க் போப், சான் டியேகோ ஸ்டேட்டின் லமான்ட் பட்லர், ட்ரெக்செல்லின் அமாரி வில்லியம்ஸ், டேட்டனின் கோபி பிரியா எனப் பல கல்லூரிகளில் முதிர்ந்தவர்களைச் சேர்த்தார். உயரமான வில்லியம்ஸ் வளையத்தடியில் காத்திராமல் தாமே பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, வளையத்தை நோக்கித் திடீரென ஓடும் தோழர்களுக்குக் கொடுத்த விதம் பார்க்க இனிமையாக இருந்தது. அவ்வணி 2025 தேசியப் போட்டியில் எஞ்சிய பதினாறு அணிகளுள் ஒன்றாகி, டென்னசியிடம் தோற்றது.

உடனடி மறுசீரமைப்புக்கு, இடமாறி வருவோரைச் சேர்க்கும் இரண்டாம் வழியே மேல் என்பது என் கருத்து. எனினும், இவர்களிலும் பெரும்பாலோருக்குக் கல்லூரி அணியில் ஆட ஓராண்டுத் தகுதியே எஞ்சியிருந்தமையால், கோடைகாலத் தேடல் ஓயவில்லை.