கீபோர்டா, கிட்டாரா, புல்லாங்குழலா? வடசென்னை வீட்டுக்கு ஏற்ற வாத்தியம்

மேடை ஏறும் எண்ணமோ தேர்வு எழுதும் கட்டாயமோ இல்லாமல், வேலை முடிந்து வீடு திரும்பியபின் தம் மனநிறைவுக்காக மட்டும் வாசிக்க விரும்பும் ஒருவர் தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ குடியிருந்தால், அவர் முன்னே பெரும்பாலும் மூன்று வாத்தியங்கள் வந்து நிற்கின்றன. அவை கீபோர்டு, கிட்டார், புல்லாங்குழல். இம்மூன்றில் எது சுலபம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கடினம் மூன்றிலும் உண்டு. அது எந்தக் கட்டத்தில் வந்து எதிர்ப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. புல்லாங்குழலில் அது முதல் ஒலி பிறப்பதற்கு முன்பே நிற்கிறது. கிட்டாரில் முதல் சில வாரங்கள் விரல் நுனியில் வலியாக இருக்கிறது. கீபோர்டிலோ நெடுநாள் ஒளிந்திருந்து, வாசிப்பவர் ஓரளவு தேறிய பிறகே வெளிப்படுகிறது. எந்தக் கட்டத்துக் கடினத்தைத் தாங்கிக்கொள்ள முடியும் என்று தம்மை அறிந்தவர், வாத்தியத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலையை முடித்துவிட்டார் என்பது என் கருத்து.

கீபோர்டின் பெரிய பலம், கட்டையை அழுத்தினால் சுரம் பிசகாமல் ஒலிப்பது. வீட்டு உபயோகத்துக்கு வழக்கமாக வாங்கப்படும் 61 கட்டைகள் கொண்ட கீபோர்டில் ஐந்து ஸ்தாயிகள் (ஸ முதல் அடுத்த ஸ வரை ஒரு ஸ்தாயி) அடங்கிவிடுகின்றன. தெரிந்த பாட்டு ஒன்றின் முதல் வரியை முதல் வாரத்திலேயே வாசித்துவிடலாம். அந்த மகிழ்ச்சி சிறியதன்று, பலரை அதுவே தொடர்ந்து கற்க வைக்கிறது. ஹெட்போனைச் செருகிக்கொண்டால் இரவு பதினொரு மணிக்கும் யாருக்கும் தொந்தரவில்லாமல் பயிற்சி செய்யலாம். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளிலும், ஒரே அறையில் குடும்பம் முழுவதும் உறங்கும் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் வாழ்பவர்களுக்கு இது வசதி என்பதைவிட, வாசிப்பு நடக்குமா நடக்காதா என்பதையே தீர்மானிக்கும் காரணம் ஆகிறது.

ஆனால் கீபோர்டு ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது, அந்தப் பங்குகளுக்கு இடையே போக அதில் வழியில்லை. நம் இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கியும் அசைந்தும் போவதுதான் ராகத்துக்கு முகம் கொடுக்கிறது. தியாகராஜர் திருவொற்றியூர் திரிபுரசுந்தரியின் மீது பாடிய ஐந்து கீர்த்தனைகளுள் ஒன்று பேகடை ராகத்தில் அமைந்தது. அந்த ராகத்துக்கே உரிய மத்திமத்தையும் (ம) நிஷாதத்தையும் (நி) கீபோர்டில் தேடினால், இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் அவை நின்றுவிடுகின்றன. சுருதியை வளைக்கும் சக்கரத்தை இடக்கையால் உருட்டி ஓரளவு சமாளிக்கும் தேர்ந்த கலைஞர்கள் உண்டு. புதிதாகக் கற்பவருக்கு அது எளிதில் எட்டாது. இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. அந்தத் தடை கடுமையானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அதன் பின்னால் இருந்த காது நியாயமான காது.

இன்னொரு குறையும் உண்டு. சுரம் எப்போதும் சரியாகவே ஒலிப்பதால், சுருதி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் வாசிப்பவருக்கு வளர்வதில்லை. கட்டைகளின் சுருதியையே ஏற்றி இறக்கித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இதை இன்னும் மோசமாக்குகிறது. எல்லாப் பாட்டையும் ஒரே கட்டையிலிருந்து வாசித்துப் பழகியவரை வேறு சுருதியில் வாசிக்கச் சொன்னால் கை ஓடாது. தொடக்கத்திலிருந்தே அந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பது நல்லது.

கிட்டார் பாடுகிறவருக்கான வாத்தியம். குரல் ஓரளவு இருந்து, பாடும்போது துணைக்கு ஏதாவது ஒலிக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தால், மற்ற இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜி, சி, டி, இ மைனர் ஆகிய நான்கு கார்டுகளை (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல்பிடிகளை) மாற்றி மாற்றிப் பிடிக்கத் தெரிந்தாலே திரைப்பாடல்களிலும் தேவாலயப் பாடல்களிலும் எத்தனையோ பாட்டுகளுக்குத் துணை வாசிக்கலாம். பெரம்பூரில் ரயில்வேயைச் சார்ந்து வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், ராயபுரம் பக்கத்துத் தேவாலயப் பாடகர் குழுக்கள் என்று இந்தப் பகுதிக்குக் கிட்டார் அந்நியமான பொருளும் அல்ல.

கிட்டாரின் கடினம் உடம்பில் படுவது. இரும்புத் தந்திகள் விரல் நுனியை அறுக்கும். தோல் காய்த்துப்போகும் வரை, அதாவது சில வாரங்கள், ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் மட்டும் வாசித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் வலி குறைவு. ஆனால் அதன் கழுத்து தலைப்பகுதியில் சுமார் 52 மில்லிமீட்டர் அகலமுள்ளது, இரும்புத் தந்திக் கிட்டாருக்கோ அது சுமார் 43 மில்லிமீட்டர்தான். ஆகவே சிறிய கை உடையவருக்கு ஒன்றில் வலியும் மற்றதில் எட்டாமையும் தொல்லையாகின்றன. கடையில் வாங்கும்போது பன்னிரண்டாவது பிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியின்) மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரும்புத் தந்திக் கிட்டாரில் அது 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், கற்பவர் தம் திறமையின்மை என்று நினைத்து வருந்துவது உண்மையில் வாத்தியத்தின் குறையாக இருக்கக்கூடும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வசிப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உப்புக்காற்று இரும்புத் தந்தியை விரைவில் துருப்பிடிக்க வைக்கிறது. புதுத் தந்தியின் துலக்கம் சில வாரங்களிலேயே மங்கிவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மேற்பூச்சுள்ள தந்திகள் விலை கூடுதலானாலும் நெடுநாள் உழைக்கின்றன. கீபோர்டையும் இந்தக் காற்று விடுவதில்லை. கட்டைகளுக்கு அடியிலுள்ள ரப்பர் தொடுமுனைகளில் ஈரமும் தூசியும் படிந்தால், ஒரு கட்டை மட்டும் திடீரென்று உரக்க ஒலிக்கும், அல்லது ஒலிக்கவே ஒலிக்காது. துணியால் மூடி வைப்பதே எளிய காப்பு.

புல்லாங்குழலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மூன்றில் அதிகம் கைவிடப்படுவதும் அதுதான், என் கணிப்பில் அதிகம் திருப்பித் தருவதும் அதுதான். வாங்க ஆகும் செலவு சில நூறு ரூபாய். நல்ல குழலும் கிட்டாரின் விலையை எட்டாது. கும்மிடிப்பூண்டி தடத்து மின்சார ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாகப் போனாலும் பையிலிருந்து வெளியே நீளாது. மின்சாரம் வேண்டாம், தந்தி வேண்டாம். ஆனால் முதல் நாள் ஊதினால் பெரும்பாலும் காற்றுதான் வரும். உதட்டைக் குவிக்கும் விதமும் காற்று துளையின் விளிம்பில் படும் கோணமும் கைவருவதற்குள் பலர் குழலை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இன்னும் பலமாக ஊத வேண்டும் என்று அவர்கள் நினைப்பதே பிழை. மெல்லிய, குவிந்த காற்றே போதும். பலமாக ஊதுவதால்தான் தொடக்கத்தில் தலை கிறுகிறுக்கிறது. உட்கார்ந்து பத்து நிமிடம் வாசித்து, சிறிது நேரம் விட்டு மீண்டும் எடுப்பது நல்லது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

கர்நாடகப் புல்லாங்குழலில் ஊதும் துளையைத் தவிர எட்டு விரல் துளைகள் உண்டு. துளைகளை முழுமையாக மூடித் திறந்து வாசித்தால் இயல்பாக வருவது அரிகாம்போதி ராகத்தின் சுரங்கள். தொடக்கப் பாடமான சரளி வரிசையோ வழக்கமாக மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. அதன் ரிஷபத்துக்கும் (ரி) தைவதத்துக்கும் (த) துளையைப் பாதி மூட வேண்டும். ஒலியே இன்னும் நிலைக்காத ஒருவரிடம் அரைத்துளையையும் கேட்பது அவரைச் சோர்வடையச் செய்யும். ஆகவே தமக்காக வாசிப்பவர் முதல் சில மாதங்களுக்கு அரிகாம்போதியின் சுரங்களையும், அவற்றுள் அடங்கும் மோகனம், சுத்தசாவேரி போன்ற ஐந்து சுர ராகங்களையும் பழகுவதே மேல் என்று உறுதியாகச் சொல்வேன். திருவொற்றியூர்க் கீர்த்தனைகள் ஐந்தில் ஒன்று சுத்தசாவேரியில் இருப்பது அந்தப் பகுதிக்காரருக்கு நல்ல இலக்காகவும் அமையும். அதே ஐந்தில் உள்ள சாவேரிக்கு அரைத்துளை கைவர வேண்டும்; அதற்கு அவசரமில்லை.

இந்தக் கட்டத்தைத் தாண்டியவருக்கு குழல் தருவதைக் கீபோர்டு ஒருபோதும் தராது. விரலைத் துளையின் மீது மெல்ல உருட்டும்போது சுரம் வழுக்கி ஏறுவதைத் தம் மூச்சாலேயே உணர முடிகிறது. கும்பகோணத்தில் வாழ்ந்த சரப சாஸ்திரி கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த இந்தக் குழலை, மாலி என்றழைக்கப்பட்ட டி. ஆர். மகாலிங்கம் வாய்ப்பாட்டுக்கு இணையாகப் பேச வைத்தார். சுருதி சற்றே விலகினாலும் காதில் உறுத்துவதால், ஓராண்டு குழல் வாசித்தவர் பிறர் பாட்டைக் கேட்கும் விதமே மாறிவிடுகிறது.

குழலின் உண்மையான குறைகள் இரண்டு. ஒரு குழலுக்கு ஒரு சுருதிதான்; அந்தச் சுருதியின் அளவையும் கட்டை என்றே சொல்வார்கள். ஐந்து கட்டைக் குழலை வைத்துக்கொண்டு ஒரு கட்டையில் பாடுகிறவருக்குத் துணை வாசிக்க முடியாது. வேறு குழல் வாங்க வேண்டும். கற்கத் தொடங்குகிறவருக்கு ஐந்து கட்டைக் குழல் ஏற்றது, துளைகளின் இடைவெளி விரலுக்கு எட்டும். மற்றொரு குறை, கீபோர்டு வகுப்பு கிடைப்பதுபோலக் குழலாசிரியர் அக்கம்பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை. விரல் வைப்பதைக் காணொளியில் பார்த்துக் கற்கலாம். உதட்டை மட்டும் ஓரிரு முறையாவது நேரில் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். மேல் ஸ்தாயியின் ஒலி சுவரைத் தாண்டி ஊடுருவும் என்பதால் மாலை நேரத்து மொட்டை மாடிதான் அதற்குரிய இடம்.

வயலினை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம், அதுவும் இந்தப் பகுதியில். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், அவர்கள் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். மணலிக்கு அப்படியொரு பெருமை உண்டு. ஆனாலும் ஆசிரியர் அருகிலிருந்து திருத்தாமல் வயலினில் கேட்கும்படியான ஒலி வருவதற்கு நெடுங்காலம் ஆகும். வேலைக்குப் போகும் பெரியவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. கானாவின் தாளத்தில் வளர்ந்தவருக்கு டோலக் கையில் உடனே ஒட்டும். ஆனால் அது கூட்டத்தில் வாழும் வாத்தியம், கூடப் பாட ஆள் இருக்கும் வீடுகளில் மட்டுமே நிலைக்கும்.

ஆகவே என் தேர்வு ஆளைப் பொறுத்தது. பாடுகிறவர் கிட்டாரை வாங்கட்டும். ராகத்தில் காது ஊறியவரும், முதல் மூன்று மாதம் பலன் தெரியாமல் இருந்தாலும் பொறுப்பவரும் குழலை எடுக்கட்டும். மணலி ஆலைகளிலும் துறைமுகத்திலும் ஷிஃப்ட் முறையில் வேலை பார்த்து, வீடு உறங்கியபிறகே தமக்கென்று நேரம் கிடைப்பவருக்குக் கீபோர்டைத் தவிர வேறு வழியில்லை. அவர் கட்டைகளின் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். தம்புரா செயலியைத் தாழ்வாக ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு சுரத்தையும் வாசிக்கும் முன் வாய்க்குள் பாடிப் பார்த்துவிட்டுக் கட்டையை அழுத்தினால், கீபோர்டு வளர்க்காத காதை அவரே வளர்த்துக்கொள்ளலாம்.