வாரண்ட் தேடித் தருகிறோம் என்று 95 டாலர் எடுத்துக்கொண்டார்கள்: டெக்சாஸில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி விவரம் மறந்துபோகும். ஒரு இணையதளம் என்னிடமிருந்து 95 டாலர் எடுத்திருக்கிறது. ஒரே நாளில் போகவில்லை, மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

மூன்று மாதம் முன்னாடி, அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பப் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். போலீஸ் உங்களை எப்போதாவது கைது செய்ததா, டிக்கெட் (அபராதச் சீட்டு) கொடுத்ததா என்று அதில் ஒரு கேள்வி வரும். 2018-இல் ஹூஸ்டனிலிருந்து டாலஸ் போகிற வழியில், ஐ-45 சாலையில், வேகமாக ஓட்டியதற்கு ஒரு டிக்கெட் வாங்கியிருந்தேன். அபராதத்தை மணி ஆர்டராகத் தபாலில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று அப்போது கேட்கவில்லை, ரசீதும் கையில் இல்லை. அபராதம் கட்டாமல் விட்டால் வாரண்ட் வரும் என்று யாரோ சொன்னது ராத்திரி பதினொரு மணிக்கு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் தூக்கம் எங்கே வரும்?

டிக்கெட் வாங்கிய கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயரையும் வாரண்ட் என்ற சொல்லையும் போட்டு இணையத்தில் தேடினேன். முதலில் வந்ததையே திறந்தேன். அது விளம்பரம் என்று மேலே பொடி எழுத்தில் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. கருநீலப் பக்கம், கழுகு முத்திரை, தலைப்பில் கவுண்டியின் பெயர். அரசாங்கத் தளம் என்றுதான் நம்பினேன். பெயரைப் போட்டதும் ஒரு பட்டை மெதுவாக நகர்ந்தது. நீதிமன்றக் கோப்புகளைப் பார்க்கிறோம், ஷெரிஃப் (கவுண்டிப் போலீஸ்) அலுவலகப் பதிவுகளைப் பார்க்கிறோம் என்று வரிசையாக வந்தது. கடைசியில் சிவப்பு எழுத்தில், "2 பதிவுகள் கிடைத்துள்ளன. இந்தப் பக்கத்தை மூடாதீர்கள்."

அந்த நிமிஷத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பக்கத்தில் இருந்த கணவர், "ஒரு டாலர்தானே கேட்கிறான், போட்டுப் பார்த்துடு" என்றார். போட்டேன். அறிக்கையைத் தரவிறக்க இன்னும் 7 டாலர் என்றது. அதையும் போட்டேன். ஐந்து நாள் கழித்து மாதம் 29 டாலர் தானாக எடுப்போம் என்பது கார்டு எண் போடுகிற கட்டத்துக்குக் கீழே, சாம்பல் நிற எழுத்தில் இருந்ததாம். இன்றைக்கு மறுபடி போய்த் தேடித்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? என் பழைய விலாசங்கள், யாரோ மூன்று பேரின் தொலைபேசி எண்கள், அப்புறம் "குற்றப் பதிவாக இருக்கலாம்" என்று இரண்டு வரி. இரண்டுமே வேறு மாநிலத்தவை, பிறந்த வருஷமும் என்னுடையது இல்லை. நம் ஆட்களுக்கு இங்கே கடைசிப் பெயராக இருப்பது அப்பா பெயர். என் அப்பா பெயரோ ஊரில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர். அந்தப் பெயருள்ள யாரையோ கொண்டுவந்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். டெக்சாஸ் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனாலும் அந்த இரண்டு வரியால் படிவத்தை மூடி வைத்துவிட்டேன். மூணு மாதம் அப்படியே கிடந்தது. 95 டாலரைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

மாதா மாதம் 29 டாலர் போனது ஏன் தெரியவில்லை என்றால், கார்டு அறிக்கையில் தளத்தின் பெயர் இல்லை, வேறு ஏதோ கம்பெனி பெயர். கணவர் அதை நான் வாங்கிய ஏதோ செயலி என்று நினைத்திருக்கிறார், நான் அவருடையது என்று நினைத்தேன். 1, 7, மூன்று முறை 29. கூட்டினால் 95.

காலையில் அவர்களுடைய சாட்டில் கேட்டேன். இந்த மின்னஞ்சலில் கணக்கே இல்லை என்றார்கள். ரசீதை அனுப்பினேன். சரி, கணக்கு இருக்கிறது, ஆனால் ஐந்து நாளுக்குள் ரத்து செய்திருக்க வேண்டும் என்றார்கள். போனில் கூப்பிட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டு கேட்டபின் ஒருவர் வந்து, ரத்து வேண்டாம் மேடம், அடுத்த மூன்று மாதத்துக்குப் பாதி விலை போட்டுத் தருகிறேன் என்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன், இவர் தள்ளுபடி கொடுக்கிறார்! அறிக்கையே தப்பு என்றேன். நாங்கள் தேடித் தருபவர்கள்தான், சரியாக இருக்கும் என்று உறுதி சொல்லவில்லை என்றார். மத்தியானம் ஒரு மின்னஞ்சல்: உங்கள் புகார் முடிக்கப்பட்டது. அவ்வளவுதான்.

ஆத்திரத்தில் அந்தக் கவுண்டியின் நீதிமன்ற கிளார்க்குக்குப் போன் செய்தேன். மூணு மாதம் முன்னாடியே செய்திருக்க வேண்டியது இது. அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, நிறுத்தியது நகரப் போலீஸா, மாநில ட்ரூப்பரா (நெடுஞ்சாலைப் போலீஸ்)? நகரப் போலீஸ் கொடுத்த டிக்கெட் முனிசிபல் கோர்ட்டுக்குப் போகும். ட்ரூப்பரோ ஷெரிஃப் ஆளோ கொடுத்தால் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்கிற, சின்ன வழக்குகளைப் பார்க்கிற கோர்ட்டுக்குப் போகும். ஒரே கவுண்டியில் அப்படிப் பல கோர்ட்டுகள் இருக்கலாம், ஒவ்வொன்றும் தன் பதிவுகளைத் தானே வைத்திருக்கும். டெக்சாஸில் 254 கவுண்டிகள். எல்லா வாரண்டையும் நாம் தட்டிப் பார்க்க ஒரே இடம் எதுவும் இல்லை. எஃப்பிஐ 1967-லிருந்து நடத்துகிற என்சிஐசி என்ற தேசியக் குற்றத் தரவுத்தளம் போலீஸ் போன்ற சட்ட அமைப்புகளுக்கு மட்டும்தான், நமக்குத் திறக்காது. அப்படியிருக்க "தேசிய வாரண்ட் தரவுத்தளம்" என்று இந்தத் தளம் எதைக் காட்டி விற்கிறது?

டிக்கெட்டில் என் பெயரும் அப்பா பெயரும் முன்பின்னாக மாறிப் பதிவாகியிருந்தது. அந்த அம்மா இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, பிறந்த தேதியை வைத்து எடுத்துவிட்டார். பணம் 2018-லேயே வந்து சேர்ந்திருக்கிறது, வழக்கு முடிந்துவிட்டது, வாரண்ட் எதுவும் இல்லை. ஆறு நிமிஷம். ஒரு காசு வாங்கவில்லை.

எப்படிப் பார்ப்பது என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

டிக்கெட் கொடுத்தது யார் என்று பார்த்து அந்தக் கோர்ட் கிளார்க்கை நேரடியாகக் கேளுங்கள். அதைவிடப் பெரிய வழக்கென்றால் கவுண்டி கிளார்க், டிஸ்ட்ரிக்ட் கிளார்க். பல ஷெரிஃப் அலுவலகங்கள் தங்கள் தளத்திலேயே வாரண்ட் பட்டியல் வைத்திருக்கின்றன, ஆனால் அதில் பெயர் இல்லை என்றால் எதுவுமே இல்லை என்று அர்த்தமில்லை. எல்லா கவுண்டித் தளமும் டாட் ஜிஓவி என்று முடியாது, அதனால் கவுண்டியின் முகப்புப் பக்கத்திலிருந்து உள்ளே போங்கள், விளம்பரத்திலிருந்து போகாதீர்கள். பெயரை இரண்டு வரிசையிலும் தேடுங்கள்.

வாரண்ட் நிஜமாகவே இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் ஷெரிஃப் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்காதீர்கள், அங்கேயே பிடித்து வைக்கலாம். முதலில் வக்கீல். குடியுரிமை இல்லாதவர்கள் கண்டிப்பாக.

உங்கள் மேல் வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். எந்தக் கோர்ட்டும் அப்படிக் கேட்காது.

கிரெடிட் கார்டில் தப்பாகப் பணம் போனால், அந்தத் தொகை வந்த கார்டு அறிக்கையை வங்கி அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபணை போக வேண்டும். என் முதல் 29 டாலர் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது. மற்ற இரண்டுக்கும் இன்று எழுதிப் போட்டிருக்கிறேன், எஃப்டிசி (நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) தளத்திலும் புகார் பதிந்துவிட்டேன். ரத்து ஆனதற்கு அவர்களிடமிருந்து இதுவரை ஒரு வரி உறுதி இல்லை, 14-ஆம் தேதி அடுத்த 29 டாலர் எடுப்பார்கள். கார்டு எண்ணை மாற்றச் சொல்லி இப்போது வங்கிக்குப் போன் போடுகிறேன்.