சூப்பர் 8-ஆ, கைப்பேசியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் செம்பனைக் காட்டில், ஆணை விரும்பும் ஆணின் ஆசையைப் பரிசோதனைப் படமாக்க எது தோது?

சூப்பர் 8 என்பது 8 மி.மீ. படச்சுருள் வகை; ஒரு சுருள் 50 அடி. நொடிக்கு 18 சட்டகம் என்றால் 3 நிமிடம் 20 நொடிதான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் உறையைப் பிரித்தால் ஈரம் படியும், குளிர் விடட்டும். ஒலி பதியாதது ஒரு வகையில் வரம்: முகம் தவிர்த்து கழுத்து, விரல், கைலி நுனி காட்டி, குரலைப் பிறகு சேர்க்கலாம். ஆனால் சுருளைக் கழுவுமிடத்தில் பிறர் கண் படும். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டப் பிரிவு 377 உள்ள நாட்டில் அது சிறு விஷயமல்ல.

கைப்பேசியில் அந்தக் கவலை குறைவு. தானியங்கி இணையச் சேமிப்பை மட்டும் அணைக்கவும். சிக்கல், மர நிழலில் அது கருந்தோலை வெளிறடிப்பது. திரையில் தெரியும் தோலைத் தொட்டு ஒளியளவைப் பூட்டி, சற்றே குறைக்கவும். வீடியோ மட்டமென்று யாரும் சொன்னால், கனடியக் கலைஞர் ரிச்சர்ட் ஃபங், ஆணை விரும்பும் ஆசிய ஆண்களைப் பற்றி 1986-இல் 'சைனீஸ் கேரக்டர்ஸ்' எடுத்தது வீடியோவில்தான்.

எங்கள் தேர்வு கைப்பேசி. பொதுத் திரையிடலுக்கு, எதில் எடுத்தாலும், 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம் குறுக்கே நிற்கும்.